செக்கிங் டேபிளுக்கு வந்த செய்தி

நாலு மணி ஆனால் திருப்பூரில் எங்கள் தெருவில் ஒரு சத்தம் நிற்கும். அது நின்ற பிறகுதான் அதுவரை அப்படியொரு சத்தம் இருந்ததே காதுக்குத் தெரியும். எதிர்வீட்டு மாடியில் பன்னிரண்டு மெஷின் போட்ட பவர் டேபிள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தால், டீக்காரர் தூக்கும் போண்டாப் பொட்டலமுமாகப் படியேறுகிறார் என்று அர்த்தம். பின்னாலேயே நானும் ஏறிவிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நாலு மணி டீயைப் பேச்சுத் துணை இல்லாமல் குடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

அங்கே வருவது ஒரே ஒரு பேப்பர். அது முழுசாக யார் கையிலும் இருக்காது. காலையிலிருந்து கைமாறி மடிப்புக் கலைந்து, நாலு மணிக்குத் தாள் தாளாகக் கிடக்கும். கட்டிங் மாஸ்டர் மாவட்டச் செய்தி இருக்கிற தாளை உருவிக்கொள்வார். அயர்ன் தம்பிக்கு விளையாட்டு. செக்கிங் அக்காவுக்கு ராசிபலன், அப்புறம் கண்ணீர் அஞ்சலி. முதலாளி நூல் விலையும் டாலர் ரேட்டும் உள்ள பக்கத்தோடு ஓரமாகப் போவார். முதல் பக்கம் பெரும்பாலும் போண்டாவுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். இருபத்தாறு வருஷம் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் எது வர வேண்டும் என்று ராத்திரி பதினோரு மணிக்கு மல்லுக்கட்டியவன் நான். அந்த எண்ணெய்க் கறையைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று தெளிவாகும்.

முதலாளியின் மகள் கோவையில் விஸ்காம் இரண்டாம் வருஷம். செமஸ்டர் நெருங்கினால் மாடிக்கு வந்து பீஸ் கட்டுகளின் மேல் உட்கார்ந்து படிப்பாள். போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிப்பா, இந்த கேட்கீப்பிங்னா என்னங்க? நோட்ஸ்ல 'வாயில்காப்போர் கோட்பாடு'ன்னு போட்டு நாலு வரி குடுத்திருக்காங்க. கோயில் வாசல்ல துவாரபாலகர் நிக்கற மாதிரி இருக்குதுங்க. ஒண்ணும் மண்டையில ஏறல."

"மத்தியானம் உங்க வீட்ல என்ன சமையல் கண்ணு?"

"கொள்ளுப் பருப்பும் ரசமுங்க."

"குடல் கறி ஏன் செய்யல?"

முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பிலிருந்துதான் இந்தக் கோட்பாடே ஆரம்பித்தது என்று சொன்னால் நம்பவில்லை. ஆனால் நிஜம். இரண்டாம் உலகப் போர்ச் சமயம், அமெரிக்காவில் நல்ல கறியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பவர்களை ஈரல், இதயம், சிறுநீரகம் என்று உள்ளுறுப்புக் கறி சாப்பிட வைத்தாக வேண்டும். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து அயோவாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த கர்ட் லெவின் என்ற உளவியலாளர் இதைக் கையில் எடுத்தார். ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்து பயனில்லை என்று கண்டுகொண்டார். உணவு சாப்பாட்டுத் தட்டுக்குச் சில வாய்க்கால் வழியாக வருகிறது. கடை ஒன்று, வீட்டுத் தோட்டம் ஒன்று. ஒவ்வொரு வாய்க்காலிலும் இடையிடையே மடை. மடையில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அவர் வாங்காதது வீட்டுக்குள்ளேயே வராது. அவர் சமைக்காதது தட்டுக்கு வராது. செய்தியும் இப்படித்தான் மடை மடையாகத் தாண்டி வருகிறது என்று 1947-ல் வெளிவந்த கட்டுரையில் போகிற போக்கில் சொல்லிவிட்டு, அதே வருஷம் இறந்துபோனார்.

"வாயில்காப்போர்னு எழுதினா உனக்கு கோயில்தான் ஞாபகம் வரும். பி.ஏ.பி. வாய்க்கால்ல மடை மாத்தற ஆளை நினைச்சுக்கோ. தண்ணி எங்கிருந்து வருதுன்னு அவருக்குக் கவலையில்ல. இந்த வயலுக்கா, அந்த வயலுக்கா, அதுதான் அவரு கையில."

நோட்டில் 'மடை' என்று எழுதிக்கொண்டாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்குப் பிடிக்குமோ என்னவோ.

லெவின் போட்ட விதையை எடுத்து நட்டவர் டேவிட் மானிங் ஒயிட். 1949 பிப்ரவரியில் ஒரு வாரம், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி ஊர் ஒன்றில் ஒரு நாளிதழ் டெஸ்க்கில் வயர் செய்திகளைப் பார்க்கும் ஆசிரியர் ஒருவரைப் பிடித்தார். தள்ளிவிட்ட ஒவ்வொரு காப்பியின் மேலும் ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதரும் பொறுமையாக, ராத்திரி வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினார். வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குப் போயிருந்தது. காரணங்களில் 'இடமில்லை' நிறைய. 'பிரச்சாரம்' என்று சில. சிலவற்றில் அவருடைய சொந்த விருப்பு வெறுப்பு பச்சையாகத் தெரிந்தது. ஒயிட் அவருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று பெயர் வைத்து 1950-ல் கட்டுரையாக வெளியிட்டார். உலகம் முழுக்க ஊடகப் பாடத்தில் இன்றைக்கும் அந்த மனிதர் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மிஸ்டர் கேட்ஸைப் பிடிக்கும். எங்கள் டெஸ்க்கிலும் பில் குத்துகிற கம்பி ஒன்று இருந்தது. டெலிபிரிண்டரிலிருந்து கிழித்த காப்பி வேண்டாம் என்றால் அதில் ஒரு குத்து. ராத்திரி ஒரு மணிக்கு அது கறிக்கடைக் கம்பி மாதிரி நிறைந்திருக்கும். ஆனால் அத்தனையையும் என் ரசனைக்கா குத்தினேன்? இல்லை என்றுதான் மனசாட்சி சொல்கிறது. 1956-ல் வால்டர் கீபர் என்பவர் விஸ்கான்சினில் 16 டெஸ்க் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ரசனை காட்டவெல்லாம் நேரமேயில்லை, பக்கம் நிரம்ப வேண்டும், நேரத்துக்கு முடிய வேண்டும், அவ்வளவுதான் ஓட்டம் என்று எழுதினார். படித்தபோது யாரோ என் தோளில் கை வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கீபரும் பாதிதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி இந்த மாடியிலேயே இருக்கிறது.

செக்கிங் அக்கா டீ வந்தாலும் கையில் எடுத்த பீஸை முடித்துவிட்டுத்தான் எழுவார். டியூப்லைட்டுக்குக் கீழே டி-சர்ட்டை விரித்து, கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்து விட்டு, உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் கட்டைவிரலை அக்குள் முதல் அடிமடி வரை ஓட்டுவார். அரை நிமிஷம்கூட ஆகாது. ஊசி ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம், உடம்புக்கும் கைக்கும் ஷேடு வித்தியாசம், எது கண்டாலும் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தைக் காட்டி ஒட்டி, இடது பக்கம் தள்ளிவிடுவார். அந்த நிறம் அக்காவுக்குப் பிடிக்குமா, அதைத் தன் பையனுக்கு வாங்குவாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. சுவரில் பையர் கொடுத்த சார்ட் ஒட்டியிருக்கிறது. மார்பளவில் இத்தனை சென்டிமீட்டர் வரை கூடலாம், குறையலாம். அக்கா பார்ப்பது துணியைத்தான், தள்ளுவது சார்ட்.

அந்தப் பையரை அக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரில் இந்தச் சட்டையைப் போடப் போகிறவரைப் பையரே பார்த்ததில்லை. நாங்களும் வாசகரைப் பார்த்ததில்லை. "நம்ம ரீடர் இதைப் படிக்க மாட்டான்" என்று டெஸ்க்கில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வோம். யார் அந்த ரீடர்? எங்கள் தலைக்குள் ஒட்டி வைத்திருந்த சார்ட். இதில் இன்னொரு கூத்து: தாலுகா நிருபர் அந்தச் சார்ட்டை எங்களைவிட நன்றாக மனப்பாடம் செய்திருப்பார். "இதெல்லாம் போட மாட்டாங்கண்ணா" என்று அவர் எழுதாமல் விட்ட செய்தி கம்பி வரைக்கும்கூட வந்திருக்காது. முதல் மடை அங்கே.

அந்தச் சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டவர்கள் நார்வேக்காரர்கள் இருவர், யோஹான் கால்துங்கும் மாரி ரூகேயும். 1965-ல், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வேயின் நாலு நாளிதழ்கள் எப்படிப் போட்டன என்று பார்த்து, ஒரு சம்பவம் செய்தியாவதற்கு உதவும் 12 காரணிகளைச் சொன்னார்கள். பன்னிரண்டையும் முதலாளி மகள் மனப்பாடமாகவே ஒப்பித்தாள். நான் அதில் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று, தாளம். நாளிதழ் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்தத் துடிப்புக்குள் நடந்து முடிகிற விஷயம் அதற்குச் சுலபமாகச் சிக்கும். கொலை ஒரு நாளில் முடியும். நொய்யல் ஆறு ஒரு நாளில் சாகவில்லை. சாயக் கழிவு வருஷக்கணக்காகக் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அந்தப் பக்கத்து விவசாயியின் கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. 'இன்றும் நேற்றை விடக் கொஞ்சம் உப்பு' என்று எந்தத் தலைப்பும் வராது. 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அன்றைக்குத் தாளம் சேர்ந்துவிட்டது. எல்லாப் பேப்பரிலும் நொய்யல். இருபது வருஷச் சாவு, ஒரு நாள் செய்தி. அதுவும் ஆற்றின் செய்தியாக அல்ல, தொழில் முடங்கிய செய்தியாக.

இன்னொன்று, ஒத்துப்போவது. செய்தி என்றால் புதுசு என்று நினைக்கிறோம். கால்துங்கும் ரூகேயும் சொன்னது நேர்மாறு: முன்கூட்டியே மனசில் இருக்கிற படத்தோடு பொருந்துகிற சம்பவம்தான் வேகமாக உள்ளே வரும். எதிர்பாராததாகவும் இருக்க வேண்டும், ஆனால் எதிர்பார்த்த கதைக்குள் எதிர்பாராததாக இருக்க வேண்டும்.

இங்கே என் கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் டெஸ்க்கில் எழுதப்படாத ஒரு பழக்கம் இருந்தது. திருட்டு வழக்கில் பிடிபட்டவர் உள்ளூர் ஆள் என்றால் 'வாலிபர் கைது'. வடக்கிலிருந்து வந்தவர் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. மாநிலத்தின் பெயர் உள்ளே இரண்டாவது வரியில் கிடக்கும். 'வடமாநில' மட்டும் தலைப்புக்கு ஏறிவிடும். நானே எத்தனை முறை ஏற்றியிருப்பேன், கணக்கில்லை. இடம் நிரம்பும், காட்டமாகவும் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் கேட்க மாட்டார்கள்? அவர்கள் எங்கள் பேப்பரைப் படிப்பதில்லை. இந்த ஊரில் லட்சக்கணக்கில் வேலை செய்கிற மனிதர்கள் எங்கள் சார்ட்டிலேயே இல்லை. பத்திரிகை வாசகருக்குச் செய்தி விற்கவில்லை, விளம்பரதாரருக்கு வாசகரை விற்கிறது என்று டல்லஸ் ஸ்மைத் என்ற கனடாக்காரர் 1977-ல் எழுதினார். அந்தக் கணக்குப்படி பீகார், ஒடிசா தம்பிகள் விற்க முடியாத சரக்கு. ஆகவே அவர்களுக்காக எழுதவில்லை. அவர்களைப் பற்றி மட்டும் எழுதினோம். அதிலும் கைதானால், செத்தால்.

"அப்ப ரீடருக்கு ஒரு பவரும் இல்லீங்களா?" என்றாள்.

இருக்கிறது. அவள் அப்பாவையே காட்டினேன். அன்றைக்கு அவர் கையிலிருந்த தாளில் 'ரூபாய் மதிப்பு வீழ்ச்சி' என்று தலைப்பு. தலைப்புப் போட்டவர் துக்கமாகத்தான் போட்டிருப்பார். வீழ்ச்சி என்றால் துக்கம்தானே. ஆனால் திருப்பூரில் எக்ஸ்போர்ட்டர் அதைப் படித்துவிட்டு இன்னொரு டீ சொல்வார். டாலரில் பில் போட்டவருக்குக் கையில் கூடுதல் ரூபாய். வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மெஷின் இறக்க ஆர்டர் கொடுத்தவருக்கு அதே தலைப்பில் வயிற்றைக் கலக்கும். ஜாப் ஒர்க் எடுக்கும் இவளுடைய அப்பா, "அவருக்கு லாபம் வந்தா நம்ம பாக்கி சீக்கிரம் வருமில்ல" என்று படிப்பார். ஓவர்லாக் அக்கா படிக்கவே வேண்டியதில்லை, "டாலர் ஏறினா பீஸ் ரேட் ஏறுமாக்கும்?" என்று போண்டாவைக் கடித்துக்கொண்டே கேட்பார். பர்மிங்ஹாமில் இருந்த ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் சொன்னது இதைத்தான். அனுப்புகிறவர் ஒரு அர்த்தத்தை வைத்துக் கட்டுகிறார். பிரிக்கிறவர் தன் இடத்திலிருந்து பிரிக்கிறார். சிலர் கட்டினபடியே எடுத்துக்கொள்வார்கள், சிலர் பேரம் பேசி எடுப்பார்கள், சிலர் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார்கள். ஹாலுக்குத் திருப்பூர் தெரிந்திருந்தால் இன்னும் சுலபமாக விளக்கியிருப்பார்.

சில நேரம் வாசகருக்குச் செய்தியே முக்கியமில்லை. 1945-ல் நியூயார்க்கில் பேப்பர் விநியோகிப்பவர்கள் 17 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெர்னார்ட் பெரல்சன் என்பவர் வீடு வீடாக ஆள் அனுப்பி, பேப்பர் இல்லாமல் எது குறைகிறது என்று கேட்கச் சொன்னார். உலக நடப்புத் தெரியவில்லை என்று பலரும் சொன்னார்கள். எந்த நடப்பு என்று துருவினால் பலருக்குப் பதில் வரவில்லை. கையில் பிடிக்க ஒன்றுமில்லை என்பதுதான் குறை. ஆயுத பூஜைக்கு மறுநாள் இங்கே வந்து பாருங்கள். பேப்பர் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாலு மணிக்குக் கட்டிங் மாஸ்டரின் கை பழைய பேப்பர் கட்டுக்குப் போகும். முந்தாநாள் தாளை எடுத்து அதே சிரத்தையோடு படிப்பார்.

இதுவரை சொன்னது பாடம். 2023-ல் இதெல்லாம் எங்கள் தெருவுக்கே நடந்து வந்தது.

அந்த ஜனவரியில் ஒரு வீடியோ பரவியது. வேலம்பாளையம் பக்கம் ஒரு டீக்கடைத் தகராறு. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர் ஆட்களைத் துரத்துகிற காட்சி. சம்பவம் நடந்து சில நாள் கழித்துத்தான் வீடியோ சூடுபிடித்தது. போலீஸ் இருவரைக் கைது செய்தது. ஆனால் அதற்குள் தமிழ் யூடியூபில் அது டீக்கடைத் தகராறாக இல்லை. 'தமிழனை அடிக்கிற வடக்கன்' ஆகியிருந்தது. எங்களைப் போன்றவர்கள் வருஷக்கணக்காகத் தலைப்பில் வரைந்து வைத்த படம் அது. வீடியோ வந்து அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். இப்போது அப்படியே மறுபக்கம். தமிழ்நாட்டில் ஹிந்தி பேசுகிற பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று பாட்னா பக்கம் செல்போன்களில் வீடியோக்கள் ஓடின. அவற்றில் இரண்டைப் பற்றி அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. வேறு மாநிலங்களில் நடந்த காட்சிகளும் கலந்திருந்ததை உண்மை சரிபார்ப்பவர்கள் காட்டினார்கள். ஆனால் மார்ச் 2-ம் தேதி பீகார் முதல்வர் நிதிஷ் குமார், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவது பத்திரிகைகள் வாயிலாகத் தனக்குத் தெரிய வந்ததாக ட்வீட் செய்தார். பத்திரிகை பார்த்து முதல்வர் சொல்ல, முதல்வர் சொன்னார் என்று பத்திரிகை போட, பாட்னா சட்டசபையில் அமளி. மிஸ்டர் கேட்ஸ் ஒருவர் தாமதமாக வந்திருந்தாலே இந்த வட்டம் சுற்றியிருக்காது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மடையில் ஒருவரல்ல, லட்சம் பேர் கட்டைவிரலோடு நின்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜனவரிக் கதையும் மார்ச் கதையும் ஒன்றுக்கொன்று எதிர். ஊர் ஒன்றே. இரண்டும் ஒரே சார்ட்டில் பாஸாகியிருக்காது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருந்தவர் தலையில் 'வேலையைப் பறிக்க வந்தவன்' என்ற படம். பாட்னாவிலோ 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து 'ஹிந்தி என்றால் ஆகாத ஊர்' என்ற படம். சரக்கு அந்தந்தச் சார்ட்டுக்குப் போய் அந்தந்த இடத்தில் பாஸானது. ஒரு ஊரில் ரிஜெக்ட் ஆன பீஸ் குப்பைக்குப் போவதில்லை என்பது திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் என்று குவித்து வைத்தால் வாங்க ஆள் உண்டு. 2017-ல் பிரிட்டனின் டோனி ஹார்கப்பும் டெய்ட்ரே ஓ'நீலும் செய்தி மதிப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது, பகிரத் தோன்றுவதையும் ஒரு தகுதியாகச் சேர்த்தார்கள். கோபமும் பயமும் இருந்தால் கைமாறும். மார்ச்சில் இரண்டும் இருந்தன.

மறுப்புக்கு என்ன ஆனது? டிஜிபி பேசினார். முதல்வர் ஸ்டாலின் நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். மாவட்ட நிர்வாகம் உதவி எண்கள் அறிவித்தது. வதந்தி பரப்பியதாகத் திருப்பூர் போலீஸ் பதிந்த வழக்குகளில் ஒன்று தைனிக் பாஸ்கர் என்ற ஹிந்தி நாளிதழின் ஆசிரியர் மீது. பீகாரிலிருந்து நாலு அதிகாரிகள் கொண்ட குழு வந்து, திருப்பூரிலும் தொழிலாளர்களைச் சந்தித்தது. குழுவின் தலைவர் பெயர் பாலமுருகன் என்று கேட்டதும் இந்த மாடியில் பாதிப் பேருக்கு உயிர் வந்தது. இத்தனையும் செய்தியாக வந்தன. ஆனால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதற்குப் படம் கிடையாது. வெட்டுகிற வீடியோவை எந்த மொழிக்காரனும் பார்த்துப் புரிந்துகொள்வான். வெட்டாததை எப்படி வீடியோ எடுப்பது?

அந்த நாட்களில் மாடியில் எல்லாரும் ஒரே மாதிரி பேசினோம். "நமக்குத் தெரியும் அது பொய்யின்னு. பாவம், அவனுங்க நம்பிருவானுங்க." ஊடகம் என்னை ஒன்றும் செய்யாது, அடுத்தவனைத்தான் சாய்த்துவிடும் என்று அவரவரும் நினைக்கிற இந்த நினைப்பை 1983-ல் டேவிசன் என்பவர் 'மூன்றாம் மனிதர் விளைவு' என்றார். ஜனவரி வீடியோவை எனக்கு அனுப்பியவர் இந்தக் கட்டிங் மாஸ்டர்தான். நான் அதை இரண்டு குழுவுக்கு அனுப்பினேன். சப் எடிட்டர்.

இங்கே ஃபிளாட்லாக் ஓட்டுகிற தம்பிக்கு ஊர் பீகாரில் தர்பங்கா பக்கம். மார்ச் 3-ம் தேதி காலையிலிருந்து அவன் போன் அடங்கவில்லை. அம்மா, அத்தை, அடுத்த வீட்டுக்காரர். டிஜிபி சொன்னதை எடுத்துச் சொன்னான், எடுபடவில்லை. போலீஸ் வேறென்ன சொல்லும் என்றார்களாம். கடைசியில் அவன் ஊரிலிருந்து முதன்முதலாகத் திருப்பூருக்கு வந்து, இப்போது இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற ஒருவர் தர்பங்காவுக்குப் போன் போட்டுப் பேசின பிறகுதான் பாதிச் சூடு தணிந்தது. 1940 அமெரிக்கத் தேர்தலை ஒஹாயோவின் ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து ஆராய்ந்த லாசர்ஸ்பெல்ட் குழு கண்டதும் இதுதான்: ரேடியோவும் பேப்பரும் நேராக ஆளிடம் போவதைவிட, அக்கம்பக்கத்தில் மதிக்கப்படுகிற ஒருவரிடம் போய், அவர் வாய்வழியாக மற்றவர்களிடம் போகிறது. 'இருபடி ஓட்டம்.' நம் ஊருக்கு இது புதுசில்லை. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழில் எழுத வைத்ததால்தான், டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்கப் பத்துப் பேரால் கேட்க முடிந்தது. படித்தவர் ஒவ்வொருவரும் நடுவில் தன் சொல்லையும் சேர்த்தார். மடைக்குப் பின்னால் மடை.

மீதிப் பாதிச் சூடு அம்மாவிடம் இருந்தது. மாலை நாலு மணி டீக்கு மெஷின் நின்ற நேரத்தில் வீடியோ காலில் வந்தார். பையன் சிரித்துக் காட்டினான். அவர் சிரிக்கவில்லை. தமிழும் ஹிந்தியும் கலந்து அவன் பிறகு எங்களுக்குச் சொன்னது: "மூஞ்சியைக் காட்டாதே, அப்படிச் சிரிக்கச் சொல்லி யாராவது பக்கத்தில் நிற்பான். ரோட்டைக் காட்டு."

தம்பி எழுந்து மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போய் கேமராவைத் திருப்பிப் பிடித்தான். மூணு நிமிஷம் பிடித்திருப்பான். கீழே பேக்கரி வாசலில் இரண்டு பேர் பன் தின்றுகொண்டிருந்தார்கள். பனியன் வேஸ்ட் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போனது. ஸ்கூல் வேன். ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டெம்போ திரும்பியதா என்று கேட்டாராம். அப்புறம், சாப்பிட்டாயா என்று.

அந்த வாரமே அவன் ஊருக்குக் கிளம்பினான். மார்ச் 8 ஹோலி. டிக்கெட் முன்னாலேயே போட்டு வைத்தது. திருப்பூர் ஸ்டேஷனில் வருஷாவருஷம் அந்த வாரம் அப்படித்தான் கூட்டம் நெரியும். அந்த வருஷம் அந்தக் கூட்டத்துக்கு 'பயந்து ஓடுகிறார்கள்' என்று பெயர் வைத்து வீடியோக்கள் போயின. அதில் நீல பேக்கோடு இவன் முதுகும் இருக்கலாம். மூன்று வாரம் கழித்து டப்பா நிறைய தேகுவா பலகாரத்தோடு திரும்பி வந்தான்.

முதலாளி மகள் பேனாவை மூடவில்லை. "அம்மா ரோட்டைக் காட்டச் சொன்னாங்கல்ல, அதுக்கு என்ன தியரிங்க பெரிப்பா?"

"உன் நோட்ஸ்ல இருக்காது கண்ணு."

"எழுதலாங்களா?"

தம்பி எங்கள் மூணு பேர் டம்ளரையும் வாங்கி டீக்காரரிடம் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக மோட்டார் பிடித்தது. அடுத்த கேள்வியை அவள் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.